அறிந்து ஏற்கும் நஞ்சு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் என் நண்பர் ஒருவர் போர்மனாக இருக்கிறார். இரும்புக் கம்பிகளை அமிலத் தொட்டியில் முக்கித் துரு நீக்கும் பகுதி அவருடைய பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே போயிருந்தபோது எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகைகள். மண்டை ஓடும் எலும்பும் வரைந்த பலகை ஒன்று. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லும் பலகை ஒன்று. பீப்பாய் ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பது இன்னது, அது செய்யக்கூடியது இன்னது என்று எழுதி ஒட்டியிருந்தது. வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகளுக்காக இந்தியிலும் எழுதியிருந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் படமும் இருந்தது.

"இவ்வளவு பலகை எதற்கு? படித்துப் பயந்துபோய் ஆட்கள் ஓடிவிட மாட்டார்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "தெரிந்தவன் பயப்படுவான் சார். பயந்தவன் பிழைத்துக்கொள்வான். தெரியாதவன்தான் மாட்டிக்கொள்கிறான்" என்றார்.

அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. அதைச் சொன்னவரே இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதை மறந்துபோனார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் அனுமதி கொடுத்த பிறகே எழுதுகிறேன்.

அவருடைய தாயார் ஊத்துக்கோட்டைக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அந்த அம்மாளுக்கு மார்பில் கட்டி வந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்யலாம் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தம்பி மூவரும் கூடி உட்கார்ந்து ஒரு தீர்மானம் செய்தார்கள். அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. 'இரத்தம் குறைந்திருக்கிறது, சத்து மருந்து ஏற்றுகிறார்கள்' என்று சொல்லிவிடுவது.

இந்தத் தீர்மானம் நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் செய்யப்படுவதுதான். இதில் வஞ்சகம் இல்லை, அன்புதான் இருக்கிறது. ஆனால் ஒரு பொய்யைக் காப்பாற்ற மற்றொரு பொய் வேண்டியிருக்கிறது. சத்து மருந்து ஏன் செக்கச் செவேல் என்று இருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டார். இரத்தம் ஊறுவதற்காக என்றார்கள். மறுநாள் சிறுநீரும் சிவந்து போயிற்று, அதைக் கண்டு அவர் நடுங்கினார், யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. உடம்புச் சூடு என்றார்கள். பிறகு திருத்தணி முருகனுக்கு ஒரு வேண்டுதல் இருப்பதாகச் சொல்லி மொட்டை போட்டு அழைத்து வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாள் ஒரு தாள் கொடுத்திருந்தார். நல்ல தமிழில், பெரிய எழுத்தில், வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை அச்சடித்த தாள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவு பகல் பாராமல் உடனே வர வேண்டும் என்று அதில் கோடு போட்டுக் காட்டியிருந்தது. ஆனால் அந்தத் தாளின் தலைப்பில் 'புற்றுநோய்' என்ற சொல் இருந்தது. ஆகையால் நண்பர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது முறை மருந்து ஏற்றிய பத்தாம் நாள் அமாவாசை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை நோய் தீர்க்கும் வைத்தியராகவே அந்தப் பக்கத்து மக்கள் கொண்டாடுகிறார்கள். அமாவாசை தோறும் கூட்டம் அலைமோதும். நோய் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அந்த அம்மாளும் அப்படி வேண்டிக்கொண்டிருந்தார். முந்தின இரவே அவருக்குக் குளிர் கண்டு காய்ச்சல் அடித்தது. பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிள்ளைகளிடம் சொன்னால் லீவு போட வேண்டியிருக்கும், ஒரு நாள் சம்பளம் போகும் என்று நினைத்தார். விடியற்காலையில் பஸ் ஏறித் திருவள்ளூருக்குப் போய், கூட்டத்தில் நின்று வெல்லத்தைக் கரைத்துவிட்டு, படிக்கட்டிலேயே மயங்கி விழுந்தார்.

நல்ல வேளை, பக்கத்தில் இருந்தவர்கள் காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் உயிருக்குப் போராடிப் பிழைத்தார். கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் மூத்த மகனைப் பார்த்துச் சொன்னாராம்: "எனக்கு என்ன வியாதி என்று முதல் நாளே தெரியும்டா. பக்கத்துக் கட்டில்காரி சொல்லிவிட்டாள். நீங்கள் வருத்தப்படுவீர்களே என்றுதான் தெரியாததுபோல் இருந்தேன். ஆனால் காய்ச்சல் வந்தால் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லையே!"

இதை என்னிடம் சொல்லும்போது நண்பரின் குரல் உடைந்தது. மறைத்த பெயர் தாய்க்குத் தெரிந்திருந்தது. பெயரை மறைக்கப் போய் அவர்கள் உண்மையில் மறைத்தது எச்சரிக்கையை மட்டுமே!

இந்த மருந்துகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால்தான் இந்தத் தவற்றின் ஆழம் விளங்கும். புற்றணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன. பெருகுகின்ற அணுவைத் தேடிக் கொல்வதே இந்த மருந்துகள் பலவற்றின் வேலை. ஆனால் நம் உடம்பில் நியாயமாகப் பெருகும் அணுக்களும் இருக்கின்றன. எலும்பின் உள்ளே இரத்தம் ஊறும் மஜ்ஜை, மயிரின் வேர், வாயிலும் குடலிலும் உள்ள மெல்லிய தோல் எல்லாம் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகின்றவை. மருந்துக்குப் பகைவன் யார், உறவினன் யார் என்று தெரியாது. களையோடு பயிரும் கொஞ்சம் வாடத்தான் செய்யும். பயிர் மறுபடி தழைக்கும், களை தழைக்காது என்ற கணக்கில்தான் மருத்துவர் இடைவெளி விட்டு விட்டு மருந்து கொடுக்கிறார். மயிர் கொட்டுவதும், வாய் புண்ணாவதும், குமட்டலும், பேதியும் இதனால் வருகின்றன. குமட்டலைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. கொட்டிய மயிரும் பெரும்பாலும் மீண்டும் முளைக்கிறது.

எல்லாவற்றிலும் அபாயமானது வெளியே தெரியாத ஒன்று. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். கோட்டைக் கதவு திறந்து கிடக்க, காவற்காரன் இல்லாத நாட்கள் அவை. அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அன்று. ஒரு மணி நேரத்துக்குள் கிருமியைக் கொல்லும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்தத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் கடிகாரத்தைப் பார்க்கும் காய்ச்சல் அது. அந்த நேரத்தில் கடையில் வாங்கிய மாத்திரை காய்ச்சலை மறைக்குமே அல்லாமல் கிருமியைத் தடுக்காது.

இந்த மருந்துகளின் பிறப்பை எண்ணிப் பார்த்தாலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. முதல் உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்ட கடுகு வாயுவின் உறவுப் பொருளிலிருந்து இவற்றுள் ஒரு குடும்பம் தோன்றியது. 1942-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் அதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். போர்க்கால இரகசியம் என்பதால் மருந்தின் பெயரைக்கூட எழுதாமல் நோய்க் குறிப்பில் 'எக்ஸ்' என்று எழுதினார்கள். கட்டி கரைந்தது; ஆனால் சில மாதங்களில் திரும்பி வந்தது.

அடுத்த ஆண்டு, 1943 டிசம்பர் 2-ஆம் தேதி, இத்தாலியில் பாரித் துறைமுகத்தின்மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. அவை உடைந்து எண்ணெயோடும் நீரோடும் கலந்தன. அதில் நனைந்து கரையேறிய மாலுமிகளை ஆஸ்பத்திரியில் கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்தார்கள். நனைந்த உடையைக் கழற்றிக் குளிப்பாட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கப்பலில் என்ன இருந்தது என்று அந்த மருத்துவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 600-க்கும் மேற்பட்டோர் நஞ்சினால் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் கிடந்தார்கள். 80-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காரணத்தைத் துப்புத் துலக்க வந்த ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற இராணுவ மருத்துவர், அவர்களுடைய இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அற்றுப் போயிருந்ததைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பும் பிற்கால மருத்துவத்துக்கு உதவியது. ஆனால் அன்று அங்கே செத்தவர்களில் எத்தனை பேரை நஞ்சு கொன்றது, எத்தனை பேரை மறைவு கொன்றது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

நமக்கு இன்னும் அருகில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோதும் மக்கள் சுவாசித்தது என்ன, அதற்கு மாற்று என்ன என்ற தெளிவு மருத்துவர்களுக்கு உடனே கிடைக்கவில்லை. அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயமான பொருளைக் கையாளும் ஆலைக்காரர் அதன் தீங்கையும் தப்பும் வழியையும் தொழிலாளிக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. கும்மிடிப்பூண்டியில் நான் பார்த்த பலகைகளுக்குப் பின்னால் போபாலின் பிணங்கள் இருக்கின்றன.

இப்போது என் கேள்வியைக் கேட்கிறேன். பீப்பாயில் இருக்கும் நஞ்சை அறிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. அதே மனிதனுடைய இரத்தக் குழாயில் இறங்கும் நஞ்சை அறிந்துகொள்ள அவனுக்கு உரிமை இல்லை என்று அவனுடைய சொந்த வீடு சொல்லலாமா?

நண்பர் என்னிடம் வள்ளுவரைக் காட்டி வாதாடினார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்று குறள் சொல்கிறதே என்றார். குறள் சொல்வது மெய்தான். ஆனால் வள்ளுவர் நன்மை என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. குற்றமற்ற நன்மை என்று ஒரு காவல் வைத்திருக்கிறார். சொன்ன பொய்யால் ஒரு நாள் தூக்கம் கிடைத்து, அதே பொய்யால் உயிருக்கு இடையூறு வந்தால் அது குற்றமற்ற நன்மை ஆகுமா? அந்தக் குறள் பொய்க்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அன்று. பொய் சொல்ல வாயெடுப்பவனை நிறுத்திக் கணக்குக் கேட்கும் சுங்கச் சாவடி.

மருந்து என்ற அதிகாரத்தில் அவரே மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகில் இருந்து கொடுப்பவர். நாம் நோயாளியை இந்த நான்கிலிருந்து தள்ளிவிட்டு மூன்று காலில் நாற்காலியை நிறுத்தப் பார்க்கிறோம்.

மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. எல்லா உண்மையையும் எல்லாரும் கேட்க விரும்புவதில்லை. 'எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். பிள்ளையிடம் சொல்லுங்கள்' என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் அவர்களுடைய உரிமைதான். எத்தனை மாதம் இருப்பேன் என்று கேட்காதவரிடம் போய் எண்ணிச் சொல்வது உண்மை அன்று, முரட்டுத்தனம். ஆனால் நோயின் முடிவைப் பற்றிய உண்மை வேறு. மருந்தின் நடத்தையைப் பற்றிய உண்மை வேறு. முதலாவதை நோயாளி வேண்டாம் என்று ஒதுக்கலாம். இரண்டாவதை ஒதுக்க முடியாது; ஏனென்றால் அது மருந்தின் ஒரு பகுதி. குளிரும் அவர் உடம்பில்தான் வரும். விரல் நுனி மரத்துப்போவதும் அவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னாலொழிய உலகத்தின் சிறந்த மருத்துவராலும் அதை அறிய முடியாது. அந்தச் செய்தியைச் சுமந்து வரவேண்டிய தூதனுக்கே செய்தி இன்னது என்று சொல்லாமல் விட்டால் எப்படி?

சிறிய அறியாமைகள்கூட இங்கே பெரிய விலை கேட்கின்றன. மூட்டு வாதத்துக்கும் தோல் நோய்க்கும் குறைந்த அளவில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் விழுங்க வேண்டியது. தினந்தோறும் விழுங்கி உயிர் விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. மருந்து ஏற்றிய இரண்டு நாட்கள் வரை நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். அதைத் துடைப்பவர் கையுறை அணிய வேண்டும். கருவுற்ற மருமகள் அந்தத் துணியைத் துவைக்கக் கூடாது. 'சத்து மருந்து' என்று சொல்லப்பட்ட வீட்டில் அந்த மருமகளுக்கு இதை யார் சொல்வார்கள்? பொய் நோயாளியோடு நிற்பதில்லை. வீட்டில் பிறக்காத குழந்தை வரைக்கும் போகிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரே தெரிவது பெரிய ஆஸ்பத்திரியும் சென்னை மருத்துவக் கல்லூரியும். யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற ஆந்திர இளைஞர் அங்கேதான் படித்தார். காந்தியடிகளின் சொல் கேட்டுக் கதர் உடுத்தியதால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். பிறகு அமெரிக்கா சென்றார். அங்கே அவர் தலைமையில் நடந்த ஆய்வுக்கூடத்திலிருந்துதான் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் வந்தன. அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் கண்ட பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்து, பத்துக் குழந்தைகளிடம் முன்னேற்றம் கண்டு, 1948 ஜூனில் வெளியிட்டார். அந்த முன்னேற்றம் தற்காலிகமானது என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார். அவர் அதை மறைத்துப் பெரிய வெற்றி என்று சொல்லியிருந்தால் அடுத்த அடி எடுத்து வைக்க வழி தெரிந்திருக்காது. அன்று சில மாதங்களில் குழந்தைகளைக் கொன்ற அந்த நோயிலிருந்து, வசதி நிறைந்த நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். தம் மருந்து வளர்ந்த கதையை அவர் பார்க்கவில்லை.

நம் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு சாட்சி நிற்கிறது. ஆண்டு முழுவதும் பூக்கும் அந்தச் செடியை நித்தியகல்யாணி என்கிறோம். சிலர் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிறார்கள். அதிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை எடுக்கிறார்கள். இரத்தக் குழாயில் செலுத்தினால் அது உயிர் காக்கும்; தவறிப்போய் முதுகுத் தண்டில் செலுத்தினால் உயிரைப் போக்கும். ஒரே செடிக்குக் கல்யாணப் பெயரும் சுடுகாட்டுப் பெயரும் வைத்த நம் முன்னோர் இந்த மருந்தை அறியமாட்டார்கள். ஆனாலும் இரண்டு பெயரும் பொருந்துகின்றன. ஒரு பெயரை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால்தான் ஆபத்து.

சென்னை அடையாறில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவியபோது, இந்த நோய்க்கு வைத்தியம் உண்டு என்பதையே நம்புவோர் குறைவு. தம் தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த இடத்திலேயே வாழ்நாள் முழுவதும் தொண்டு செய்து 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா, புற்றுநோய் என்றால் மரணம் என்ற பயத்தை எதிர்த்து ஓயாமல் பேசினார். வைத்தியம் இல்லாத காலத்தில் பெயரை மறைப்பதற்கு ஒரு காரணமாவது இருந்தது. வைத்தியம் வந்த பிறகும் நாம் பழைய பயத்தையே புதிய மருந்தோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உண்மையைச் சொல்லும் கடமையைப் பிள்ளைகளின் தலையில் மட்டும் சுமத்தவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மாள் காய்ச்சலை மறைத்ததற்கு அறியாமை பாதிக் காரணம். ஒரு நாள் சம்பளம் மறு பாதி. ஒப்பந்தக் கூலியாக இருக்கும் இளைய மகனுக்கு, தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் நாள் கூலி இல்லாத நாள். உண்மையைச் சொல்லும் அளவுக்கு மனிதர்களுக்கு வசதியும் வேண்டியிருக்கிறது. 'காய்ச்சல் வந்தால் ஓடி வா' என்று தாளில் அச்சடிப்பது எளிது. ஓடி வருவதற்கு ஒரு நாள் விடுப்பும் ஒரு வண்டிச் சத்தமும் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் வேலை. அதைச் செய்யாதவரையில் நாம் எல்லாருமே அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர்கள்தாம்.

சென்ற மாதம் நண்பரோடு அவருடைய கிராமத்துக்குப் போயிருந்தேன். அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அறுவை முடிந்துவிட்டது. தலையில் நரை மயிர் குட்டையாக முளைத்திருந்தது. நோய் அடியோடு போயிற்றா என்று இப்போதே சொல்ல முடியாது. சில ஆண்டுகள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதையும் மகன் அவரிடம் சொல்லிவிட்டார்.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தகரப் பலகை தொங்கியது. ஆலையில் பார்த்த அதே மஞ்சள் நிறம். அந்த அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆகையால் மகன் ஒரு காய்ச்சல்மானியின் படத்தை வரைந்து, 100.4 இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு டெலிபோன் படமும் வரைந்திருந்தார்.

"மருந்து ஏற்றுவதுதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு இதை மாட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. இந்த வீட்டிலே என்னை ஒரு ஆளாக நினைத்து எழுதிய முதல் எழுத்து அதுதான்" என்றார் அந்த அம்மாள்.